நிமிடத்துக்குப் பன்னிரண்டு

கொழும்பில், ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்தில் நான் மூன்று வருடம் வேலை செய்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் சாப்பாட்டுச் சாமான்களுக்கு லேபல் ஒட்டும் வேலை. டின்மீன், பட்டர், பிஸ்கட் என்று கொண்டெய்னரில் எது வந்தாலும், இறக்குமதி செய்தவரின் பெயர், விலை, காலாவதித் திகதி எல்லாம் அச்சிட்ட சின்னத் தாள் ஒன்றை ஒவ்வொன்றிலும் ஒட்டிய பிறகுதான் அது கடைக்குப் போகலாம். பன்னிரண்டு பெண்கள் அந்த வேலையைச் செய்தோம். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். ஏ.எல்.லில் கணிதம் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் நின்றவள் என்பதால், எத்தனை பெட்டி முடிந்தது என்று எழுதும் கொப்பி என்னிடம் இருந்தது. சுப்பர்வைசர் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. ஏதாவது பிழை வந்தால் முதலில் கூப்பிடுவது மட்டும் என்னைத்தான்.

அங்கே முகாமையாளராக வந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நானும் இதில் வருகிறேன். அந்தப் பகுதியைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

அவர் வெள்ளவத்தைக்காரர். கடற்கரைப் பக்கத்து மாடி வீடு, ஏசி போட்ட கார், வெளிநாட்டில் ஒரு வருடம் இருந்து எடுத்துக்கொண்டு வந்த டிப்ளோமா. களஞ்சியத்துக்குள் வந்த முதல் நாள், எங்களுக்கென்று இருந்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைத் தன் மேசைப் பக்கம் திருப்பினார். கழுத்துப் பட்டி கட்டிய ஒரே ஆள் அந்தக் கூரைக்குக் கீழே அவர்தான். அந்தத் தகரக் கூரையின் வெக்கையில் அவருக்கு அந்த விசிறி தேவையாகத்தான் இருந்திருக்கும். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஓரிடத்தில்தான் போய் முடியும்: "சிம்பிள் மெத்ஸ்."

அவர் எல்லாவற்றையும் அளந்தார். நாங்கள் தேத்தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம், கதவிலிருந்து மேசைக்கு எத்தனை அடி, ஒருத்தி கழிவறைக்குப் போய்த் திரும்ப எத்தனை நிமிடம். எல்லாம் கைப்பேசியில் இருந்த நிறுத்துகடிகாரத்தால். அளப்பதை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. நானும் அளப்பவள்தான். எதை அளக்கிறோம் என்பதே தெரியாமல் அளந்துவிட்டு, அதைப் பலகையில் எழுதி, மற்றவர்களை அதன்படி நடக்கச் சொல்கிற ஆட்களைத்தான் என்னால் மதிக்க முடிவதில்லை.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் டின்மீன் கொண்டெய்னர் ஒன்று வந்து நின்றது. ஆயிரத்து எண்ணூறு பெட்டி. பெட்டிக்கு இருபத்துநான்கு டின். கடைகளில் சாமான் முடிந்துவிட்டது, உடனே வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். முகாமையாளர் எங்களைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்.

"உங்களுக்குள்ள ஆர் கெதியா ஒட்டுறது?"

அப்படிக் கேட்டால் பேசக்கூடாது என்று மற்றப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான்தான் கையைத் தூக்கினேன்.

இப்போது யோசித்தாலும் முகம் சுடுகிறது. கையைத் தூக்கச் சொல்லி யாரும் என்னை நெருக்கவில்லை. வகுப்பில் முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்து பழகிய கை அது. யாராவது கேள்வி கேட்டால் தானாக மேலே போகும்.

"சரி, நீர் வாரும். பத்து நிமிசம். நான் நேரம் பாக்கிறன்."

மேசையில் டின்களை அடுக்கினார்கள். இரண்டு பேர் பெட்டியை வெட்டித் திறந்தார்கள். ஒருத்தி எண்ணெயும் தூசியும் போகத் துடைத்து, ஒட்ட வேண்டிய பக்கம் என்னைப் பார்க்கும்படி வைத்தாள். இன்னொருத்தி நான் ஒட்டியதை எடுத்து அப்பால் வைத்தாள். என் வேலை லேபலை உரித்து ஒட்டுவது மட்டும். அவர் தலைக்கு மேல் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் ஒட்டினேன். முடிந்ததும் எண்ணினோம். நூற்றிருபது.

"நிமிசத்துக்குப் பன்னிரண்டு" என்றார். வெள்ளைப் பலகைக்குப் போய் எழுதத் தொடங்கினார். நிமிடத்துக்குப் பன்னிரண்டு என்றால் மணித்தியாலத்துக்கு எழுநூற்றிருபது. பெட்டிக்கு இருபத்துநான்கு, ஆகவே முப்பது பெட்டி. பன்னிரண்டு பேர், முன்னூற்றறுபது பெட்டி. ஆயிரத்து எண்ணூறை முன்னூற்றறுபதால் பிரித்தால் ஐந்து. பலகையின் நடுவில் பெரிதாக "5" என்று எழுதி வட்டம் போட்டார். "எட்டு மணிக்குத் தொடங்கினா ஒரு மணிக்கு முடியுது. சாப்பாட்டு நேரத்தையும் விடுவம், ரெண்டு மணி. மூண்டு மணிக்கு லொறியை வரச் சொல்லுறன். சிம்பிள் மெத்ஸ்."

பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் கணக்கு வரும். ஆறு பேர் ஒரு மதிலை எட்டு நாளில் கட்டினால் பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள்? அந்த ஆறு பேரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், செங்கல் வரவில்லை என்று காத்திருக்க மாட்டார்கள், ஒருவன் காலில் இன்னொருவன் மிதிக்க மாட்டான். பதினைந்து வயதில் அதற்கு முழுப் புள்ளி வாங்கினேன். வாங்கிய பிறகு அந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட வேண்டும் என்று விளங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள், கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு அதைக் களஞ்சியத்துக்குக் கொண்டு வருகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பன்னிரண்டு என்னுடைய வேகமில்லை, ஐந்து பேர் சேர்ந்து செய்த வேலை. அதைப் பன்னிரண்டு பேரால் பெருக்குகிறார். வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் இலக்கம் பலகையில் ஏறியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மை அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குத் தொடங்கினோம். இரண்டு பேர் கொண்டெய்னருக்குள் ஏறிப் பெட்டி இறக்க, இரண்டு பேர் திறக்க, மூன்று பேர் துடைக்க, மூன்று பேர் ஒட்ட, இரண்டு பேர் திரும்ப அடுக்கி டேப் போட்டார்கள். யாரும் சோம்பியிருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு, டேப் போட்டு அடுக்கி முடிந்த பெட்டிகளை மட்டும் எண்ணினேன். இருநூற்றெண்பது. நாலு மணித்தியாலத்தில் இருநூற்றெண்பது என்றால் மணித்தியாலத்துக்கு எழுபது. அதற்குள் தேத்தண்ணீர், டேப் முடிந்து தேடியது, ஒருத்தி கையை வெட்டிக்கொண்டது எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம், ஐந்நூற்றறுபது. மூன்று நாளில் ஆயிரத்து அறுநூற்றெண்பது. மீதி நூற்றிருபது நாலாம் நாள் காலை.

சாப்பிடுவதற்கு முன் அவரிடம் போனேன்.

"சேர், இப்பிடியே போனா வெள்ளிக்கிழமை காலமை பத்து மணியாகும்."

அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன பத்து மணி?"

"வேலை முடிய. மணித்தியாலத்துக்கு எழுபது பெட்டிதான் முடியுது."

"நீர் நிமிசத்துக்குப் பன்னிரண்டு ஒட்டினீர். நான் கண்ணால பாத்தனான்."

"அது ஒட்டினது மட்டும் சேர். திறக்க, துடைக்க, கட்ட வேற ஆக்கள் நிண்டவை."

"அப்ப நேற்று ஏலுமா இருந்தது, இண்டைக்கு ஏலாதோ? அப்பிடியெண்டா நீங்க ஏமாத்துறீங்கள் எண்டுதான் அர்த்தம்." பிறகு ஆங்கிலத்தில், இலக்கங்கள் பொய் சொல்லாது என்றார். ஏதோ தானே கண்டுபிடித்தது மாதிரி.

மூன்று மணிக்கு லொறி இரண்டு வந்தன. சாரதிகள் இறங்கி, முடிந்த பெட்டிக் குவியலையும் கொண்டெய்னருக்குள் இருந்த மீதியையும் ஒருமுறை பார்த்தார்கள். அவர்களுக்குப் பலகை தேவைப்படவில்லை. ஒருவர் என்னிடம் வந்து சிங்களத்தில், "நங்கி, அத இவர வென்னே நே நேத?" என்றார். தங்கச்சி, இன்றைக்கு முடியாது, இல்லையா என்று கேட்டார். "நே அய்யே", முடியாது அண்ணா என்றேன். அவர் லொறிக்குக் கீழே நிழலில் அட்டையை விரித்துப் படுத்தார். ஐந்து மணிக்கு இரண்டு லொறியும் வெறுமனே திரும்பிப் போயின.

புதன்கிழமை காலை போனால், முகத்துவாரத்திலிருந்து இன்னும் பன்னிரண்டு பெண்கள் வான் வண்டி ஒன்றில் வந்து இறங்கி நிற்கிறார்கள். முகாமையாளர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். ஆள் இரட்டித்தால் நேரம் பாதியாகும். அதையும் பலகையில் எழுதியிருந்தார்.

கொண்டெய்னருக்கு ஒரு கதவு. எங்களிடம் மேசை இரண்டு, டேப் போடும் கருவி இரண்டு. வந்த பன்னிரண்டு பேருக்கும் நிற்க இடமில்லை. அவர்களுக்கு வேலை காட்டிக் கொடுக்க எங்களில் நாலு பேர் கையை விட்டார்கள். லேபல் தலைகீழாக ஒட்டிய அறுபது டின்னை உரித்துத் திரும்ப ஒட்டினோம். பாவம், அவர்களில் பிழையில்லை; வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு பெட்டியை மூன்று பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் ஒருத்தி என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "அக்கா, எங்கள என்னத்துக்குக் கூப்பிட்டவர்?" அன்றைக்கு முடிந்தது ஐந்நூறு பெட்டி. பாதிப் பேரோடு செவ்வாய்க்கிழமை முடித்ததைவிட அறுபது குறைவு.

முகாமையாளர் அந்த ஐந்நூறைப் பார்த்தார். தன் பலகையையும் பார்த்தார். பிழை பலகையில் இருக்கலாம் என்று அந்த மனிதருக்கு ஒரு நிமிடமாவது தோன்றியிருக்குமா? தோன்றவில்லை. "இந்தச் சனத்த வச்சு ஒண்டும் செய்யேலாது" என்று கைப்பேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டு காருக்குப் போனார்.

வியாழக்கிழமை காலை முதலாளியே வந்தார். கொழும்பில் பரம்பரையாக வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். வயதானவர், அதிகம் பேசமாட்டார். முகத்துவாரத்துப் பெண்கள் அன்று வரவில்லை. முகாமையாளர் மடிகணினியைத் திறந்து வைத்து வேகம், இலக்கு, மனித வலு என்று விளக்கத் தொடங்கினார். முதலாளி கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதெல்லாம் சரி மகன். எப்ப முடியும்டு செல்லுங்க."

"இண்டைக்குப் பின்னேரம் முடிக்கப் பாக்கலாம் சேர்."

முதலாளி சுற்றிப் பார்த்து, கொப்பியோடு நின்ற என்னிடம் கேட்டார். "நீங்க செல்லுங்க புள்ள. எத்தின மணிக்கு?"

"நாளைக்குப் பதினொரு மணிக்கு முன்னம், சேர். முந்தியே பத்து மணிக்கு முடிஞ்சிருக்கும். நேற்றுப் பிந்திப் போச்சு."

"ஜும்மாக்கு முந்தியா, பிந்தியா?"

"தொழுகைக்கு முந்தி."

அவர் அந்த இடத்திலேயே லொறிக்காரரைக் கூப்பிட்டு, வெள்ளி பதினொரு மணிக்கு வரச் சொன்னார். எப்படிக் கணக்குப் பார்த்தாய் என்று என்னைக் கேட்கவில்லை. ஏன் உனக்குத் தெரியவில்லை என்று முகாமையாளரையும் கேட்கவில்லை. அவருக்குத் தேவையானது கிடைத்துவிட்டது, போய்விட்டார். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு, அன்று மத்தியானம் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

பின்னேரம் முகாமையாளர் நிறுத்துகடிகாரத்தோடு திரும்ப வந்தார். ஒருத்தியின் வேகத்தை வைத்து எல்லோருக்கும் கணக்குப் போட்டதுதான் பிழையாம். இனி ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக அளக்கப் போகிறாராம். அவ்வளவு பட்டும் அவர் படித்த பாடம் அதுதான். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொருத்தியாக மேசைக்குக் கூப்பிட்டு, துடைத்து ஒட்டச் சொல்லி, ஐந்து ஐந்து நிமிடம் அளந்தார். எட்டு, ஒன்பது, ஏழு என்று வந்தது. நிமிடத்துக்கு மூன்று என்று வந்தது ஒருவருக்கு மட்டும்.

அவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். வழக்கமாகத் துடைக்கிற வேலை அவருக்கு. டின்னைத் துடைத்த பிறகு பெருவிரலால் மூடியை அமத்திப் பார்ப்பார். பிறகு திருப்பி அடியையும் அமத்துவார். வீங்கிய டின் கெட்டுப்போனது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. எங்களில் வேறு யாரும் அதைச் செய்வதில்லை. அந்தக் கொண்டெய்னரில் மட்டும் நாற்பத்தியொரு டின்னை எடுத்துத் தனியாக வைத்திருந்தார். ஒட்டச் சொல்லி அளந்தபோதும் கை பழக்கத்தில் மூடியை அமத்திவிட்டுத்தான் ஒட்டினார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குக் கடைசிப் பெட்டிக்கு டேப் போட்டோம். லொறிகள் வந்தன, ஏற்றினார்கள், போயின.

திங்கட்கிழமை கதவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. எல்லோருடைய பெயரும், பெயருக்கு நேரே இலக்கமும். மேலே நான், பன்னிரண்டு. இலக்கு பத்து என்று சிவப்பில் எழுதியிருந்தது. கீழே அக்காவின் பெயர் இருக்கவில்லை. சனிக்கிழமையே தொலைபேசியில் சொல்லிவிட்டார்களாம், இனி வரத் தேவையில்லை என்று.

நான் முகாமையாளரிடம் போனேன். போனேன் என்பதை எனக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

"சேர், அவ மெதுவெண்டு இல்ல. ஒவ்வொரு மூடியா அமத்திப் பாக்கிறவ. வீங்கின டின் நாப்பத்தொண்டு எடுத்தவ."

"அது ஃபக்டரிக்காரன்ட வேலை. எங்கட வேலை ஒட்டுறது."

"கடைக்குப் போனா ஆரும் சாப்பிடுவினம் சேர்."

"இங்க பாரும். நீர் பன்னிரண்டு, அவ மூண்டு. உம்மோட நாலில ஒரு பங்கு. உமக்கே இது நியாயமா படுதோ?"

என் இலக்கத்தாலேயே என் வாயை அடைத்துவிட்டார். முதலாளியிடம் போயிருக்கலாம். மறுநாளே அவர் வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். நானும் தலையசைத்தேன்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. யாராவது டின்மீன் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், பிழை வெளியே வரும், இந்த மனிதர் தலைகுனிவார் என்று நான் கொஞ்சக் காலம் எதிர்பார்த்தேன். யாரோ ஒரு குடும்பத்துக்கு வயிறு கெட வேண்டும் என்று காத்திருந்த என் யோக்கியதையையும் இங்கே எழுதத்தான் வேண்டும். அப்படி எதுவும் வரவில்லை. வந்தது வேறு. பெண்கள் பத்தை எட்டிவிட்டார்கள். எப்படி? துடைப்பதை விட்டுவிட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் ஒட்டிய லேபல் கடைகளில் கழன்று விழுந்தது. முகாமையாளர் பசை சரியில்லை என்று லேபல் அச்சிடுகிற இடத்தை மாற்றினார். அட்டவணை அப்படியே இருந்தது. அடுத்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்து, தலைமைக் காரியாலயத்துக்குப் போனார். இப்போது மற்ற முகாமையாளர்களுக்கு நேரத்தைத் திட்டமிடுவது பற்றி வகுப்பு எடுக்கிறார் என்று கேள்வி. எடுக்கட்டும். அங்கே மின்விசிறி தேவைப்படாது.

என்னோடு இருந்த பெண்கள் சண்டை பிடிக்கவில்லை. மத்தியானம் வட்டமாக இருந்து சாப்பிடும்போது எனக்கு இடம் விடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். கறி மாற்றிக்கொள்ளும்போது என் பாத்திரத்தைத் தாண்டிக் கை போகும். சில மாதம் பார்த்துவிட்டு விலகினேன். மருதானையில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தேன், இன்றைக்கும் அங்கேதான். வேலை எப்போது முடியும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதும் என் பொறுப்பு. மெஷின் மணித்தியாலத்துக்கு எத்தனை அடிக்கும் என்று நான் பார்ப்பதில்லை. போன கிழமை கட்டி வெளியே போனது எத்தனை என்று பார்க்கிறேன். அநேகமாகச் சரியாக வரும். சிலருக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. பாதி நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிற இடத்துக்குப் போய், என்னைவிடப் பிந்தி வாங்குகிறார்கள்.

அக்காவைக் கண்டது ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, வெள்ளவத்தையில். காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை, பின்னேரம் இடியப்பம் வாங்கப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்று இடியப்பத்தைத் தட்டிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். தலையில் வலைத் தொப்பி. என்னை உடனே அடையாளம் கண்டு சிரித்தார்.

"அட, நீயா புள்ள? மெலிஞ்சி போயிட்டியே."

சுகம் விசாரித்தேன். நல்லாத்தான் இருக்கிறேன், கடையிலேயே சாப்பாடு, கால்தான் கொஞ்சம் வீங்குது என்றார். இவ்வளவு காலம் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதே சொன்னேன்.

"அக்கா, அந்தப் பன்னிரண்டு என்னால வந்தது. அண்டைக்கு நான் கையத் தூக்கியிருக்காட்டி உங்கள நிப்பாட்டியிருக்க மாட்டினம்."

அவர் கையை நிறுத்தவில்லை. ஒரு இடியப்பத்தின் விளிம்பு உடைந்திருந்தது, அதை எடுத்து வேறு தட்டில் வைத்தார்.

"தெரியும் புள்ள. நீ அன்னைக்கி மூச்சு விடாம ஒட்டுனத நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே நின்னோம். ஒனக்குத் தொடச்சிக் குடுத்ததே நான்தானே."

நான் அதை மறந்துபோயிருந்தேன். துடைத்துத் தந்தது யார் என்று எனக்கு ஞாபகமே இருக்கவில்லை. அந்தப் பத்து நிமிடமும் நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"கோவமா அக்கா?"

"அப்ப இருந்திச்சி" என்றார். "இப்ப எத்தன பேருக்கு வேணும்? சொல்லு, பின்னுக்கு ஆளுங்க நிக்கிறாங்க."

இருபது என்றேன். எண்ணிக் கட்டி, சம்பலை இன்னொரு பையில் போட்டு, கண்ணாடிக்கு மேலால் நீட்டினார். அடுத்தவர் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தார். நான் வெளியே வந்து, கொட்டாஞ்சேனைக்குப் போகிற பஸ் எடுக்க வீதியைக் கடந்தேன்.